தோல் பரிசோதனையும் அலர்ஜிக் குளிசையும்

ஆசிரியருக்கு,

அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை செய்ய வருகிறவர்கள் சிலர் முதல்நாள் இரவு போட்ட செட்டிரிசின் என்ற அலர்ஜிக் குளிசையோடுதான் வருகிறார்கள். வந்த காசும் நேரமும் வீண்.

முன்கையில் தூசிப்பூச்சி, இறால், கரப்பான் போன்றவற்றின் சாற்றைச் சுமார் 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் சொட்டுகளாக வைத்து, அதனூடாக லான்செற் என்ற சிறு ஊசியால் மேல்தோலை மட்டும் குத்துவார்கள். இரத்தம் வரக்கூடாது. கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க, ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடம்பில் சுரந்து தடிப்பை உண்டாக்கும் பொருள்) ஒரு சொட்டு, உப்புநீர் ஒரு சொட்டு. ஹிஸ்டமின் குத்திய இடம் நுளம்பு கடித்ததுபோல் தடித்தே ஆகவேண்டும். தடிக்காவிட்டால், ஹிஸ்டமினை அடக்கும் அலர்ஜி மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மற்றச் சொட்டுகள் 'இல்லை' என்று காட்டுவதை நம்பமுடியாது. ஆகவே வைத்தியரிடம் கேட்டு, இத்தகைய குளிசைகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துங்கள். தடிமன் பாணியிலும் குளோர்பெனிரமின் என்ற இதே வகை மருந்து ஒளிந்திருக்கலாம். போத்தலைத் திருப்பிப் பாருங்கள்.

15–20 நிமிடத்தில் உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீற்றராவது கூடியிருந்தால் 'பொசிட்டிவ்'. அதற்காக, எந்தத் தொல்லையுமின்றிச் சாப்பிட்டுவரும் இறாலை வைத்தியரைக் கேளாமல் கைவிடாதீர்கள். தடிப்பு உடலின் உணர்திறனைத்தான் காட்டும்; சாப்பிட்டால் அலர்ஜி வரும் என்று உறுதியாகச் சொல்லாது. குளிசையை நிறுத்தமுடியாதவர்களுக்கு இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்ற, அலர்ஜியோடு தொடர்புடைய பிறபொருளெதிரியைப் பார்க்கலாம்.

ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06