கிளப் ரைபிள்களின் ஸ்டாக்கைக் கழற்றிப் பாருங்கள்

மாவட்ட ரைபிள் கிளப்களின் செயலாளர்களுக்கும், ஆயுத அறையைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், கோச்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இந்த ரைபிள் சரியாக அடிக்காது" என்று நீங்கள் ஓரங்கட்டி வைத்திருக்கும் பழைய மர ஸ்டாக் (ரைபிளின் உலோகப் பாகங்களைத் தாங்குகிற கட்டை) .22 ரைபிள்களில் பலவற்றுக்கு பேரலில், அதாவது குழலில், ஒரு குறையும் இல்லை. பேரல் மாட்டியிருக்கிற இரும்பு உடலான ஆக்‌ஷன், ஸ்டாக்குக்குள் உட்காருகிற இடம்தான் கெட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும், அதிகச் செலவும் இல்லை. ஆனால் யாரும் ஸ்டாக்கைக் கழற்றி உள்ளே பார்ப்பதில்லை. இதில் அடிபடுவது யார் என்றால், சொந்த ரைபிள் வாங்க வசதியில்லாமல் கிளப் ரைபிளை நம்பி வருகிற பிள்ளைகள்.

ரேஞ்சில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான் இது. ஒரு பெண் படுத்த நிலையில் சுடுகிறாள். ஐந்து குண்டு ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறது, அடுத்த நான்கு குண்டு அதே நெருக்கத்தோடு ஒரு விரற்கடை தள்ளி விழுகிறது, அப்புறம் மறுபடி பழைய இடத்துக்கே வருகிறது. கோச் பின்னால் நின்று "மூச்சைப் பிடி, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காதே" என்கிறார். அவள் சைட்டைத் திருப்புகிறாள், மறுபடி திருப்புகிறாள், கடைசியில் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். ஐயா, கை நடுங்கினால் குண்டுகள் சிதறும், இப்படி இரண்டு நெருக்கமான குரூப்பாகப் பிரியாது. அட்டையில் இரண்டு குரூப் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிங், அதாவது ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் உட்காருகிற அந்த இருக்கை. 50 மீட்டரில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். தசமப் புள்ளியில் மதிப்பெண் எண்ணுகிற போட்டிகளில் ஒரு விரற்கடை விலகினால் அந்தப் பிள்ளை தகுதிக்கோட்டுக்கு வெளியே போய்விடும்.

உள்ளே நடப்பது இதுதான். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட் ஓடுவதும் இந்த ஆக்‌ஷனுக்குள்தான். அதைக் கீழிருந்து இரண்டு திருகுகள் மரத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மரம் நசுங்கும். திருகை இறுக்க இறுக்கத் துளையைச் சுற்றியிருக்கிற மரம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அமுங்கியதும் திருகு தளரும், தளர்ந்தது என்று யாராவது மறுபடி இறுக்குவார்கள். சுத்தம் செய்யும்போது ஆக்‌ஷனில் ஊற்றுகிற எண்ணெய் கீழே இறங்கி, ஆண்டுக்கணக்கில் மரத்தில் ஊறி, பின் திருகைச் சுற்றிக் கறுத்துப் பொதபொதவென்று ஆகியிருக்கும், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். இதற்கு மேல் நம்ம ஊர் காற்று வேறு. சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி மழையில் உப்பி, ரேகைக்குக் குறுக்காக மரம் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். கோடையில் பேரலைத் தொடாமல் இருந்த முன்கட்டை, மழைக்காலத்தில் ஒரு பக்கம் போய் இடிக்கும்.

.22-இல் உதைப்பே இல்லையே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உதைப்பு குறைவுதான். ஆனால் போட்டிக்கான .22 குண்டு ஒலியின் வேகத்தைவிடச் சற்றே குறைவாக, நொடிக்கு 320, 330 மீட்டர் அளவில்தான் போகிறது. அதனால் அது பேரலுக்குள் கழிக்கிற நேரமும் அதிகம். அந்த நேரத்தில் ஆக்‌ஷன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைந்தால் பிரச்சினை இல்லை. ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் அசைந்து, வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் அட்டையில் இரண்டு குரூப் விழுகிறது.

மர ஸ்டாக்கும் ஈரக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க மரைன் படை வியட்நாமில் பார்த்தது. 1966-இல் அவர்கள் எடுத்துப்போன எம்40 ரைபிள், ரெமிங்டன் 700 ஆக்‌ஷன், அதற்கு மர ஸ்டாக். அந்த ஈரத்தில் ஸ்டாக் உப்பி முறுக்கிக்கொண்டு பேரலில் போய் இடித்தது. அடுத்த பத்தாண்டில் வந்த எம்40ஏ1-இல் மரத்தை விட்டுவிட்டு மெக்மில்லன் கண்ணாடி இழை ஸ்டாக்குக்கு மாறினார்கள். நம் கடலோர ஊர்களின் காற்று அதைவிடக் கருணை காட்டும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. முதலில் போல்ட்டை வெளியே எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். பேரலைத் துணி சுற்றி வைஸில் மென்மையாகப் பிடியுங்கள். லேத் பட்டறையில் இருக்கிற சாதாரண டயல் கேஜ் ஒன்றைப் பேரலில் பொருத்தி, அதன் தொடுமுனை ஸ்டாக்கின் முன்கட்டையைத் தொடும்படி வையுங்கள். இப்போது முன் திருகை மெதுவாகத் தளர்த்தி, முள்ளைப் பாருங்கள். முள் அசையவே இல்லை அல்லது 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றது என்றால் நல்லது. திருகு தளரத் தளர முள் கால்வட்டம், அரைவட்டம் என்று போனால், அந்தத் திருகு இத்தனை நாள் ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். பின் திருகுக்கும் இதையே செய்யுங்கள். முதல் தடவை அந்த முள் நகர்வதைப் பார்த்த எந்தக் கோச்சும் அதற்கப்புறம் பிள்ளையின் மூச்சைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் பேச மாட்டார்.

சரி, கெட்டிருக்கிறது, என்ன செய்வது? இங்கேதான் ஒரு எச்சரிக்கை. ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு எபாக்சி (இரண்டு பாகமாகக் கலந்து பூசுகிற பசை) வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்று சில இளைஞர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். ரைபிளை மேசைமேல் சாய்த்துவைத்துச் சுடுகிற அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட் போட்டி ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மைதான். பால்மிசானோவும் பிண்டெலும் 1970-களில் உருவாக்கிய 6 பிபிசி (6 PPC) தோட்டாவைப் போட்டு, ஒட்டிய ஆக்‌ஷனில் 100 கஜத்தில் ஐந்து குண்டையும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போடுகிறார்கள். ஒட்டிய ரைபிளில் திருகின் இறுக்கம் என்ற தலைவலியே கிடையாது. ஆனால் அவர்களுடையது ஈரத்துக்கு அசையாத கண்ணாடி இழை ஸ்டாக், ஒரு ரைபிளுக்கு ஒரே சொந்தக்காரர், ஒட்டு விட்டுவிட்டால் தானே பிரித்து மறுபடி ஒட்டத் தெரிந்தவர். நம் கிளப் ரைபிள் பத்துப் பேர் கை மாறுவது, மர ஸ்டாக், கடற்காற்று. ஒட்டிவிட்டால் அடியில் துரு பிடிப்பதைப் பார்க்க முடியாது. கழற்றவேண்டும் என்றால் சூடு காட்டவேண்டும், இல்லையென்றால் உறைபெட்டியில் வைத்து எடுத்துத் தட்டவேண்டும். மரம் அசைந்து ஒட்டு ஒரு பக்கம் விட்டால், வெளியே தெரியாமலே பழைய நோய் திரும்ப வரும். கிளப் ரைபிளை ஒட்டாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய பெட்டிங் போடுங்கள்.

அதற்கு முதலில் தேவை பில்லர். திருகுத் துளையைப் பெரிதாக்கி, அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றை மரத்துக்குள் பதித்துவிட்டால், திருகின் அழுத்தம் உலோகத்திலிருந்து உலோகத்துக்குப் போகும், மரம் நசுங்காது. அப்புறம் ஆக்‌ஷனைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மரத்தைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் ஊறிய பகுதியை அசிடோனால் துடைத்து, ஊறிப்போன மரம் அதிகம் என்றால் வெட்டியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எபாக்சியை நிரப்பி அதன்மேல் ஆக்‌ஷனை உட்காரவைக்கவேண்டும். எபாக்சி ஒட்டாமல் இருக்க ஆக்‌ஷன் முழுக்க மெழுகு பூசவேண்டும். நிறமில்லாத ஷூ பாலிஷே இதற்குப் பல ஆண்டாகப் பயன்படுகிறது. ஒரு இடம்கூட விடக்கூடாது. திருகுத் துளை, ட்ரிகர் பள்ளம், ஊசி (pin) துளை எல்லாவற்றையும் குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணால் அடைக்கவேண்டும். ஒரு சின்னத் துளைக்குள் எபாக்சி போய் இறுகினாலும் ஆக்‌ஷன் வெளியே வராது, அப்போது வேண்டாம் என்று சொன்ன ஒட்டு வேலையே நடந்து முடிந்திருக்கும்.

இந்த வேலையில் பலர் சறுக்குகிற இடம், எபாக்சி இறுகும்போது திருகை முறுக்கிவிடுவது. முறுக்கினால் வளைந்த நிலையிலேயே அச்சு விழும், நீங்கள் எந்த வளைவை நீக்க ஆரம்பித்தீர்களோ அதே வளைவு இனி கல்லாக நிற்கும். தலையில்லாத திருகுகளை வழிகாட்டியாக மட்டும் போட்டு, ரப்பர் பட்டையோ டேப்போ சுற்றி, ஆக்‌ஷன் தன் எடையில் உட்காரும்படி விடுங்கள். பேரலின் முன்பகுதியில் டேப் சுற்றி அதைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள், அதுவும் மே மாதத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் கலந்த கிண்ணமே கையில் சூடேறும் என்பதால் அதிகாலையில் செய்யுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரை அதிகம் ஊற்றாதீர்கள், அது ஒழுங்காக இறுகாமல் மெத்தென்றே நின்றுவிடும். பொதியில் போட்டிருக்கிற விகிதம்தான். ஒரு முழு நாள் கையை வைக்காமல் விடுங்கள்.

இதை யார் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே உரிமம் தேவை. தெரிந்த தச்சரிடம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம். உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறையை அழையுங்கள், ஆயுத அறைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அனுப்புங்கள். பட்டறைக்காரருக்கு வேட்டைத் துப்பாக்கி பழக்கம், போட்டி ரைபிள் பழக்கமில்லை என்றால் பக்கத்தில் நின்று, டயல் கேஜைக் காட்டி, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். கை சுத்தமான ஆளுக்கு இது புரிந்துவிடும்.

பெட்டிங் போட்ட பிறகும் ஒரு விஷயம் பாக்கி. எல்லா கிளப்பிலும் ஆலன் கீ மேசைமேல் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து முறுக்குகிறார்கள். அந்த ஆலன் கீயைப் பூட்டி வையுங்கள். இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஒரு டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் வாங்கி, தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியிருக்கிற நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்கி, ரைபிள் எண், தேதி, அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை சரிபாருங்கள். ஏர் ரைபிளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அது வேறு கதை.

என் வேண்டுகோள் சின்னதுதான். எல்லா ரைபிளையும் நாளைக்கே பிரிக்கச் சொல்லவில்லை. உங்கள் கிளப்பில் பிள்ளைகள் எல்லோரும் "அது வேண்டாம் சார்" என்று ஒதுக்குகிற ஒரு ரைபிள் இருக்கும். அந்த ஒன்றை எடுங்கள். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவை வைத்து, பெஞ்சில் மணல்மூட்டைமேல் சாய்த்து, நன்றாகச் சுடுகிற ஒருவரையே பத்துப் பத்தாக ஐந்து குரூப் சுடச்சொல்லி அட்டைகளை எடுத்து வையுங்கள். பெட்டிங் போட்ட பிறகு அதே ஆள், அதே லாட், அதே எண்ணிக்கை. இரண்டு வரிசை அட்டைகளையும் அறிவிப்புப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் குத்திவிட்டு, அடுத்த நிர்வாகக் கூட்டத்தை அந்தப் பலகைக்கு முன்னால் நடத்துங்கள்.