முடக்குவாத மாத்திரைகளும் ஒரு கிழமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு மருத்துவர் மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று மூன்று மருந்துகளைச் சேர்த்து எழுதினால், "ஒரு வியாதிக்கு இத்தனை மாத்திரையா?" என்று சலித்துக்கொண்டு ஒன்றைத் தாமாகவே நிறுத்திவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. 102 நோயாளிகளிடம் இரண்டாண்டுகள் நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், மூன்றையும் சேர்த்து உட்கொண்டவர்களில் 77 விழுக்காட்டினருக்குக் கடும் பக்கவிளைவின்றி நோய் பாதியளவாவது தணிந்து அந்நிலை நீடித்தது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் உட்கொண்டவர்களில் அது 33 விழுக்காடுதான். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களுக்கு, விலை மிகுந்த எட்டனர்செப்ட் ஊசியை அதனுடன் சேர்த்துத் தருவதைவிட இந்த மும்மருந்துச் சேர்க்கை தாழ்ந்ததல்ல என்று 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சேர்க்கையில் உள்ள ஆபத்து எண்ணிக்கையில் இல்லை, கிழமையில் இருக்கிறது. மற்ற இரண்டும் அன்றாடம் உட்கொள்பவை. மெத்தோட்ரெக்சேட்டோ வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. மூன்றையும் ஒரே உறையில் போட்டு, ஆங்கிலச் சுருக்கெழுத்துச் சீட்டோடு கொடுத்தனுப்பினால், கண் மங்கிய முதியவரோ அவருக்கு மாத்திரை எடுத்துத் தரும் பேரப்பிள்ளையோ அதையும் தினமும் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அப்படி நேர்ந்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது இம்மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதும் ஆபத்தே. அத்தகைய தொற்றுகளுக்குத் தரப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மெத்தோட்ரெக்சேட்டுடன் சேரவே கூடாது.

எனவே, மெத்தோட்ரெக்சேட்டைத் தனி உறையில் இட்டு, "ஞாயிறு மட்டும்" என்பதுபோல் மருத்துவர் குறித்த கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதித் தருவதையும், அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்குரிய நாளையும் அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதியையும் அதன்மேலேயே குறிப்பதையும் அரசு மருத்துவமனை மருந்தகங்களுக்கும் தனியார் கடைகளுக்கும் கட்டாயமாக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.