செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் செடி ஆர்வலர் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூலையில் விதைப் பரிமாற்றம் நடந்தது. அரிட்டாபட்டிக்கு ஒருநாள் நடை போய்வந்தோம். பள்ளி மாணவர்களுக்கான செடி அறிமுக வகுப்பு மழையால் தள்ளிப்போய் ஜனவரியில் நடந்தது.

அடுத்தது கல்லிமுளையான் என்ற சதைப்பற்றுச் செடி. செயலாளர் ஆண்டு முழுக்க ஒரே செடியில் உட்கார்ந்துவிட்டார் என்று இரண்டு கூட்டங்களில் பேச்சு வந்தது. பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்ன வேலை நடந்தது என்பது பதிவாக வேண்டும்.

மதுரை அருகே நாகமலை அடிவாரத்துச் சதைப்பற்றுச் செடிகளுக்குப் பெயரோடு ஒரு பதிவேடு போடுவது என்று ஜூனில் தீர்மானித்தோம். ஒரு மாத வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் கல்லிமுளையான் என்ற ஒரே பேர்தான் வருகிறது. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி மட்டும் முள்புதருக்கு அடியில் கையைவிட்டு இரண்டு தண்டுகளை ஒடித்துக் காட்டினார். "இது ஒல்லி, துவையலுக்கு ஆகும். அது தடியன், பூத்தா நாறும்." எங்கள் பதிவேட்டின் முதல் இரண்டு பக்கங்கள் அவர் பிரித்துக் கொடுத்ததுதான்.

ஒல்லியின் அறிவியல் பெயர் கராலுமா அட்சென்டென்ஸ். சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி எழுதிய தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795இல் இதை ஸ்டபீலியா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பில், வைத்தார். தெலுங்கு மக்கள் அதைக் கார் அல்லம் என்று அழைத்ததையும் குறித்துவைத்தார். பிறகு தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் தனிப் பேரினம் அமைத்தபோது அந்தத் தெலுங்குப் பெயர்தான் கராலுமா ஆனது. தடியன் கராலுமா அம்பெல்லேட்டா. தண்டின் நுனியில் கருஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக வரும். அழுகிய இறைச்சி வாடையில் ஈக்கள் மொய்க்கும், அவைதான் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன.

சிக்கல் ஒல்லியில்தான். சில செடிகளில் பூவிதழ் ஓரத்தில் மெல்லிய மயிர் இருக்கிறது. லென்ஸை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாலே அது ஆடும். சிலவற்றில் இல்லை. முன்பு இவற்றை ஃபிம்ப்ரியேட்டா, அட்டெனுவேட்டா என்று தனிச் சிற்றினங்களாக வைத்திருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த கிரேவ்லியும் மயூரநாதனும் 1931இல் இந்தியக் கராலுமாக்களை ஆராய்ந்து, இரண்டையும் அட்சென்டென்ஸின் வகைகளாக அதற்குள் கொண்டுவந்தார்கள். நாங்களும் அதையே பின்பற்றியிருக்கிறோம்.

இந்தச் செடியின் பெயர்ப்பலகையை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2017இல் தாவரவியலாளர் பீட்டர் பிரைன்ஸ் குழுவினர் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் கராலுமா, ஸ்டபீலியா, ஹூடியா எல்லாவற்றையும் செரோபீஜியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. அதனால் முதலில் செரோபீஜியா என்று எழுதிய பலகையை எடுத்துவிட்டு, மேலே கராலுமா, கீழே சிறிய எழுத்தில் செரோபீஜியா என்று வைத்தோம். தேடி வருபவருக்கு இரண்டு பெயரும் வேண்டும். செலவு ஒரு பலகைக்கானதுதான்.

உலர்மாதிரி (செடியை அழுத்தி உலர்த்திப் பாதுகாப்பது) செய்ததில் தவறு என்னுடையது. பட்டா நிலத்துக்காரர் அனுமதியோடு ஒரே ஒரு தண்டை வெட்டி, மற்றச் செடிகளைப் போலவே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் தண்டு பச்சையாகவே இருந்தது. நுனியில் வெளிறிய முளை ஒன்று விரல் நக நீளத்துக்கு நீண்டிருந்தது. சதைத் தண்டைக் கொதிநீரில் முக்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும், பூவைத் தனியாக ஸ்பிரிட் புட்டியில் போட வேண்டும். அழுத்தினால் பூவுக்குள் இருக்கும் மகுட அமைப்பு நசுங்கிவிடும். சிற்றினத்தைப் பிரிக்க அதுதான் முக்கியம்.

உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் 43. பூ உள்ளவை 9. அந்த ஒன்பதில் இடம், தேதி குறித்தவை நான்கே. தண்டை மட்டும் காட்டி "இது என்ன சார்?" என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? கோவைப் பகுதியிலிருந்து கராலுமா பைகலர் என்று புதுச் சிற்றினமே 2011இல்தான் விவரிக்கப்பட்டது. நம் மலையில் என்ன இருக்கிறதோ! ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பதினைந்து பேர் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்த நாட்களே அதிகம். அந்த மூவர் ஒருநாளும் தவறவில்லை.

பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் ஒரு பாறைச் சரிவில் 31 குத்துக் கல்லிமுளையான் செடிகளை எண்ணி எழுதியிருந்தோம். திரும்பப் போனபோது குழிகள்தான் இருந்தன. யார் தோண்டினார்கள் என்று தெரியாது. உடல் எடை குறைக்கும் பொடிகளுக்கு இந்தச் செடியின் சாறு போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதிவைத்திருந்ததால் 31 என்று எண்ணிக்கையோடு முறையிட முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். லென்ஸ், புட்டிகள், பலகை, பேருந்துச் செலவு போகச் சிறிது கையிருப்பு உண்டு. 61 உறுப்பினர்களில் 28 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 300 ரூபாய். சிலருக்கு மூன்று ஆண்டு பாக்கி. வீடு தேடி வந்து கேட்பது எனக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கை பார்த்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். சரிவில் ஏற என் முழங்கால் இன்னும் ஒரு மழைக்காலம் ஒத்துழைக்கும், அவ்வளவுதான். பதிவேட்டில் தெற்குச் சரிவுப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பூ நிற்பது சில நாள்தான், அந்த நாட்களில் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். இளையவர்கள் இரண்டு பேர் முன்வந்தால் போதும். லென்ஸ் பிடிக்கவும் குறிப்பு எழுதவும் நான் சொல்லித்தருகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு நூலக வாசலில் இருப்பேன். பதிவேடு என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்