கரையில் காத்திருப்போர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு நாடு நாடாகச் செல்வோரைப் பற்றிய கட்டுரைகள் இப்போது நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பல, வேலையை உதறிவிட்டுக் கடலேறியவர்களின் துணிச்சலைப் பாராட்டி, வெண்மணல் கரையொன்றின் படத்தோடு முடிந்துவிடுகின்றன. வேறு ஏதோ ஒரு நாட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருப்பதில்லை. என் மகளும் மருமகனும் அவ்வாறு படகில் வாழ்கிறவர்கள் என்பதால், விடுபட்டுப்போகும் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கரையில் இருப்பவர் படகில் இருப்பவரிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால், அது "எந்தத் தேதியில் வந்து சேர்வீர்கள்?" என்பதுதான். அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் அதற்குப் பதிலாக ஒரு தேதியைச் சொல்லிவிட்டவர், அந்தத் தேதியைக் காப்பாற்றுவதற்காக, இன்னும் நான்கு நாள் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டிய வானிலையில் நங்கூரத்தைத் தூக்கிவிடுகிறார். பேரனின் பிறந்தநாள், தங்கையின் திருமணம், முன்பதிவு செய்துவிட்ட விமானச் சீட்டு என்று காரணங்கள் எளியவையாகவே இருக்கின்றன. அனுபவமுள்ள மாலுமிகள் புயலைவிட இத்தகைய வாக்குறுதிகளுக்கே அதிகம் அஞ்சுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ளப் படகின் வேகத்தை முதலில் அறிய வேண்டும். நாற்பது அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் (ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்) செல்லும். இரவும் பகலும் ஓடினாலும் ஒரு நாளில் கடப்பது 120 முதல் 144 கடல் மைல் வரைதான். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கானரித் தீவுகளிலிருந்து கரீபியன் கடலுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல், அதாவது மூன்று வாரம் அளவிலான பயணம். தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகஸ் தீவுகளிலிருந்து பசிபிக்கின் மார்க்கேசஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3,000 கடல் மைல். அதில் காற்று கைகொடுத்தால் மூன்று வாரம், கைவிட்டால் நான்கு வாரத்திற்கும் மேல் ஆகலாம். இவ்வளவு நீண்ட பாதையில் ஒரு வாரம் முன்பின் ஆவதைத் தாமதம் என்று சொல்வதே பொருந்தாது.

வேகத்தைக் காட்டிலும் பருவமே பெரிய கட்டுப்பாடு. அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பவர்கள் வடகிழக்கிலிருந்து சீராக வீசும் தடக்காற்று நிலைபெறுவதற்காக நவம்பர் இறுதி வரையாவது காத்திருப்பார்கள். அவசரம் இல்லாதவர்கள் டிசம்பர், ஜனவரி வரையிலும் பொறுத்திருப்பார்கள். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால், அதற்குள் பல படகுகள் நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இறங்கிவிடுகின்றன. காப்பீட்டு நிறுவனங்களும் எந்த மாதத்தில் எந்த அட்சரேகைக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன.

இதிலிருந்து கரையில் இருப்போருக்குப் பயன்படும் ஒரு செய்தி கிடைக்கிறது. படகு ஓட முடியாத அந்த மாதங்கள்தாம் படகில் வாழ்வோர் உறவினரைப் பார்க்க வரக்கூடிய மாதங்கள். படகைக் கடலிலிருந்து தூக்கி, கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பாய்களைக் கழற்றி மடித்து வைத்து, கடல்நீர் நுழையும் அடைப்பிதழ்களை (வால்வுகளை) மூடி, பலமான வார்ப்பட்டைகளால் தரையோடு கட்டிவிட்டு அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். எனவே உங்கள் பிள்ளைகள் கரீபியனில் இருந்தால் ஆகஸ்டில் எதிர்பாருங்கள். தென் பசிபிக்கில் இருந்தால் ஜனவரியில் எதிர்பாருங்கள். வந்து அமர்ந்த பிறகும் அவர்கள் மனத்தில் பாதி அந்தப் படகுத்துறையிலேயே இருக்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். கரீபியனின் தெற்கே இருப்பதால் ஓரளவு பாதுகாப்பானது என்று பலரும் நம்பியிருந்த தீவு நாடான கிரெனடாவை 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி புரட்டிப் போட்டது. அதே நாட்டைச் சேர்ந்த கரியாகூ தீவை 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி தாக்கியபோது, சதுப்புக் காடுகளுக்குள் புகலிடம் தேடிக் கட்டப்பட்டிருந்த படகுகளும் தப்பவில்லை. ஊருக்கு வந்திருக்கும் மகள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வானிலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

நாடுகளின் சட்டங்கள் இன்னொரு சிக்கல். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் விசா விலக்கில் நுழையும் வெளிநாட்டவரும் குறுகிய கால விசா பெற்றவரும் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் மட்டுமே தங்கலாம். அதே நேரத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவு செய்யப்பட்டு, வெளியே வசிப்பவருக்குச் சொந்தமான படகு, வரி செலுத்தாமல் ஒன்றியக் கடலில் 18 மாதங்கள் இருக்கலாம். படகுக்கு ஒரு கணக்கு, அதில் உறங்குபவருக்கு வேறு கணக்கு! மத்தியதரைக் கடலில் படகை வைத்துவிட்டு, ஐரோப்பாவில் படிக்கும் மகனுடன் சில வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என நினைக்கும் பெற்றோர், அந்த வாரங்களும் தொண்ணூறில் கழியும் என்பதை மறந்துவிடலாகாது. சட்டம் இயற்றுபவர்கள் படகை வாகனமாகவும் அதில் வாழ்பவரைச் சுற்றுலாப் பயணியாகவும் பார்க்கிறார்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை என்பது என் மனத்தாங்கல்.

நாமே படகுக்குச் சென்று அவர்களைப் பார்ப்பதானால், இடத்தையோ தேதியையோ ஒன்றைத்தான் நாம் தீர்மானிக்கலாம், இரண்டையும் அல்ல. தேதி உறுதியென்றால் அந்தத் தேதியில் படகு எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். இடம் உறுதியென்றால் படகு அங்கே வந்து நங்கூரமிட்ட பிறகே சீட்டு வாங்க வேண்டும். ஒருவழிச் சீட்டில் சென்று படகில் திரும்ப எண்ணுவோரை, வெளியேறும் சீட்டு இல்லை என்று விமான நிறுவனம் ஏற்ற மறுப்பதுண்டு. படகின் தலைவர் கையொப்பமிட்ட கடிதமும் பதிவுச் சான்றின் நகலும் கையில் இருப்பது நல்லது. அதுபோலவே, படகில் சேர்பவர் பெயர் பணியாளர் பட்டியலில் ஏற வேண்டும். இறங்கும்போது குடிவரவு அலுவலகத்தில் நீக்கப்பட வேண்டும். இறங்கியவரின் பெயர் பட்டியலில் நின்றுவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மருமகன்தான். பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் போக மீதி இடமெல்லாம் அவர்கள் கேட்கும் படகு உதிரிபாகங்களான பம்பின் ரப்பர் வளையங்களுக்கும் எண்ணெய் வடிகட்டிகளுக்கும் போய்விடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இனி நான் எழுத வந்ததிலேயே கடினமான பகுதி. பெருங்கடலின் நடுவில் இருக்கும் படகு திரும்ப முடியாது. மார்க்கேசஸை நோக்கிப் பத்து நாள் ஓடிவிட்ட படகில் தந்தையின் நோய்ச் செய்தி கிடைத்தால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிரான பயணம். முன்னே செல்வதே விரைவான வழி, அதற்கும் இன்னும் இரண்டு வாரம் ஆகும். அங்கிருந்து சிறு விமானத்தில் தாஹித்தி, பிறகு நீண்ட தூர விமானம். ஜோசுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை தனியே உலகைச் சுற்றியபோது, நடுக்கடலில் எந்தச் செய்தியும் அவரை எட்டியிருக்க வழியில்லை. இன்று செயற்கைக்கோள் இணையம் வழியே மருத்துவமனை அறையைக் காணொளியில் பார்த்தபடி, எதுவும் செய்ய இயலாமல் பாய்களைச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எது கொடியது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்பு குடும்பத்தில் இதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும்: எந்தச் செய்தியை உடனே சொல்வது, எதைக் கரை சேரும் வரை நிறுத்தி வைப்பது, இறுதிச் சடங்குக்குக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா. நாங்கள் பேசினோம். என் மனைவி அன்று இரவு உண்ணவில்லை; ஆனால் காத்திருக்க வேண்டாம் என்பதைத் தன் வாயாலேயே மகளிடம் சொன்னவளும் அவள்தான்.

கரையில் இருப்பவருக்கு உண்மையான பணி ஒன்றும் உண்டு. படகில் உள்ள அவசரகாலச் சமிக்ஞைக் கருவி இயக்கப்பட்டதும், அது 406 மெகாஹெர்ட்சில் அனுப்பும் செய்தி செயற்கைக்கோள் வழியே மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை அடைகிறது. பதிவேட்டில் அவசரத் தொடர்பாக யார் பெயர் இருக்கிறதோ அவரை அந்த மையம் தொலைபேசியில் அழைக்கும். அது நள்ளிரவாகவும் அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணாகவும் இருக்கலாம். அப்போது படகின் பெயர், நிறம், ஒன்பது இலக்க அடையாள எண், உள்ளவர்கள் எத்தனை பேர், உயிர்மிதவை உண்டா, கடைசியாக எங்கிருந்து எப்போது செய்தி வந்தது என்பவற்றைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விவரங்களை ஒரே தாளில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வைப்பது, தினமும் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்பதைவிடப் பெரிய உதவி. அத்துடன், எத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு மீட்பு மையத்துக்குச் சொல்வது என்பதையும் படகில் உள்ளவர்களே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். ஆன்டெனா பழுதாலும் மின்கலம் தீர்ந்தாலும்கூட செய்தி நின்றுபோகும்.

இதனால்தான் தங்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குறித்த நாளில் ஒரு படகு துறைமுகம் சேரவில்லை என்ற செய்தி கிடைத்ததும் "நடுக்கடலில் மாயம்" என்று தலைப்பிடுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. படகில் உள்ளவர்கள் தங்கள் குடும்பத்திடம் குறித்துக் கொடுத்த காலக்கெடு கடந்துவிட்டதா, மீட்பு மையம் தேடுதலைத் தொடங்கியிருக்கிறதா என்று கேட்டறிந்து, அதன் பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்துமாறு தங்கள் செய்தியாளர்களை அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தலைப்பை முதலில் படிப்பவர்களில் அவர்களுடைய தாயும் ஒருத்தியாக இருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்