ஜோ காக்கரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசை பற்றிய கட்டுரையில் பீட்டில்ஸுக்குப் பாதிப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சரி. ஆனால் பாடகர் ஜோ காக்கருக்கு ஒரு வரிகூட இல்லையே?

1944-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். பகலில் கேஸ் குழாய் பொருத்தும் வேலை, இரவில் மதுக்கூடங்களில் பாட்டு. அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் என்றால் பித்து. பீட்டில்ஸில் ரிங்கோ ஸ்டார் ஜாலியாகப் பாடிய ஒரு பாட்டை எடுத்து, வேகத்தை வெகுவாகக் குறைத்து, தேவாலயப் பாடகர் குழு மாதிரி பெண் குரல்களைப் பின்னால் நிறுத்தி, தொண்டை கிழியப் பாடினார். 1968-ல் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் அதையே பாடினார். கையில் இல்லாத கிட்டாரை வாசிப்பதுபோல விரல்கள் துடிக்கும். உடம்புக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தவர்களும் உண்டு! அந்தப் பதிவை இப்போதும் பார்க்கலாம்.

1970-ன் பிரம்மாண்டமான அமெரிக்கச் சுற்றுப்பயணம் அவரைச் சக்கையாகப் பிழிந்தது. அப்புறம் குடி, போதை, கடன். 1982-ல் பாடகி ஜெனிஃபர் வார்ன்ஸுடன் பாடிய டூயட் அமெரிக்காவில் முதலிடம் பெற்று, கிராமி விருதும் வாங்கித் தந்தது. எனக்கென்னவோ அதைவிடப் பழைய கரகரப்புதான் பிடிக்கும்.

அவர் சொந்தமாக எழுதிய பாடல்கள் குறைவு என்பதால் கட்டுரையில் சேர்க்கவில்லையோ? 2014 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயால் கொலராடோவில் மறைந்தவரை, ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ 2025-ல்தான் சேர்த்துக்கொண்டது. நீங்களும் அடுத்த வாரமாவது அவரைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்