சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிர்நீத்த ராணுவ வீரர்களின் நினைவாகக் கன்னியாகுமரியிலிருந்து, கார்கில் போர் நினைவிடம் இருக்கும் லடாக்கின் திராஸ் வரை போகவிருக்கும் சைக்கிள் பயணத்தைப் பற்றிச் செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல காரியத்துக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அதன் கடைசி வரி மனதை உறுத்துகிறது: “சைக்கிள் ஓட்டத் தெரிந்த யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.” இதை நம்பி எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்திருப்பார்களோ!

தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல். ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று திராஸ் நினைவிடத்தில் நிற்க வேண்டுமென்றால், நாளுக்கு 110 கி.மீ. வீதம், ஓய்வு நாள்களையும் சேர்த்து, ஜூன் நடுவிலேயே கிளம்பியாக வேண்டும். பாதி வழி மழை, வடக்கே போனால் புழுக்கம். ஒரு நாள் 100 கி.மீ. பிடிவாதத்தில் யாரும் ஓட்டிவிடலாம். மறுநாள் விடியற்காலையில் அதே சீட்டில் மறுபடி உட்காருவதுதான் கஷ்டம். அதனால்தான் குறைந்தது மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்கிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட தூரம் ஓட்டிப் பழக வேண்டும். வாரத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. சீட் உயரம் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் நான்காம் நாள் முட்டியின் முன்பக்கம் வலி எடுக்கும். பலர் பாதி வழியில் திரும்புவது இதனால்தான். மனவலிமை இல்லை என்று அவர்களைச் சொல்வது பாவம்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நெடுந்தூரத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கத்தில்தான். அதிகம் முறுக்கினதால் உடைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கம்பிகளின் இறுக்கம் ஒரே சீராக இல்லாததால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் கம்பி தளர்ந்து இறுகி, வளைந்த கழுத்தில் சோர்ந்து முறிகிறது. கிளம்புவதற்கு முன் சக்கரத்தைப் பெண்ட் எடுத்து இறுக்கத்தைச் சமமாக்கினால் பாதித் தொல்லை தீரும். உதிரிக் கம்பிகளை இரண்டு அளவிலும் எடுத்துப் போக வேண்டும். செயின் பக்கத்துக் கம்பி சற்றுக் குட்டை. பல்சக்கர அடுக்கைக் கழற்றும் கருவி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கம்பியைக் கோக்கவே முடியாது. வழியில் உள்ள கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பழைய 28 அங்குல வண்டிகளின் கம்பி. அது இதற்குப் பொருந்தாது.

பஞ்சர் என்றாலே ஆணி என்று நினைப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அதைவிட மோசமான எதிரி, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய எஃகு இழை. தலைமுடி அளவுதான் இருக்கும். புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, குத்தும் இடத்தைக் கண்டுபிடித்து, சின்னக் குறடால் பிடுங்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் புது ட்யூபும் போகும்.

ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒற்றை வரிசைதான். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே, முந்தி வரும் லாரி ஒதுங்க இடம் விட வேண்டும். நாற்பது பேர் ஒரே கூட்டமாக, கொடியைப் பிடித்துக்கொண்டு போகும் படம் பார்க்க அழகாயிருக்கும். ஆனால் ஒருவர் முன்சக்கரம் இன்னொருவர் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது ஒருவரோடு நிற்காது. ஊருக்கு ஊர் மாலை மரியாதைக்காக நிறுத்தி, உச்சி வெயிலில் ஓட்ட வைக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து யாராவது கண்டியுங்கள்.

கடைசிக் கட்டம், ஸ்ரீநகரைத் தாண்டி வரும் சோஜி லா கணவாய், உயரம் 3,528 மீட்டர். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர்தான். ஒரே மூச்சில் ஏறாமல், கணவாய்க்குக் கீழே உள்ள சோனாமார்க்கில் ஓர் இரவாவது தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவதல்ல, இறங்குவதே மருந்து.

இனி, பல வருடமாக நெஞ்சில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். திரட்டும் பணம் எங்கே போகிறது என்று உங்கள் செய்திகள் ஒருபோதும் கேட்டதில்லை. ராணுவம், கடற்படை, விமானப்படை வீரர்களின் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் போர்ப் பாதிப்பு நல நிதி இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படையினருக்கு உள்துறை அமைச்சகத்தின் ‘பாரத் கே வீர்’ நிதி தனி. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிர்நீத்த 40 பேரும் அந்தக் காவல் படைகளில் ஒன்றான சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். அவர்கள் பெயரைச் சொல்லித் திரட்டி வேறு நிதியில் போட்டால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன போய்ச் சேரும்? நன்கொடையைத் தனியார் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு வாங்குவது தவறு. பயணக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு என்று இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ரசீதும் வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை என்பதையாவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொரு வருத்தம். செய்தியில் பயணத்தைத் தொடங்கி வைப்பவர்கள் பெயர் ஆறு வரி. வீரர்கள் “உயிரிழந்த வீரர்கள்” என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிட்டார்கள். திருச்சி மேஜர் சரவணன், பிஹார் ரெஜிமென்ட், 1999 மே 29, கார்கில் போரில் படாலிக், வீர் சக்ரா. ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி, 2020 ஜூன் 15, சீன எல்லையில் கல்வான், வீர் சக்ரா. ஒருவருக்கு ஒரு வரிதான் ஆகிறது. திராஸ் சுவரில் பெயர் பெயராகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே போய் நிற்கப்போகிறவர்களைப் பற்றிய செய்தியில் ஒரு வீரரின் பெயர்கூட இல்லையே, ஐயா.

நான் கேட்பது சிறியதுதான். அந்தக் கடைசி வரியைத் திருத்தி, மூன்று மாதப் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். நன்கொடை எந்த நிதிக்குப் போகிறது என்று அமைப்பாளர்களிடம் கேட்டு, அதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். புறப்படும் நாளுக்கு முன் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் பின்னால் வரும் உதவி வண்டியின் பொறுப்பில் இருக்கும் வாசகன்