புழு இல்லாத மீன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, படிக்கவும் எழுதவும் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது பரவாயில்லை, மைக்ரோஸ்கோப்பில்கூடத் தெளிவாகத் தெரிகிறது. நீ தாத்தா ஆன சேதியை மகள்தான் வாசித்துச் சொன்னாள். குழந்தைக்கு என் ஆசிகள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றின் மேல்பகுதியில் பிடித்த மீனின் குடலில் புழு நெளிந்தது, ஆலைக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்தது சுத்தமாக இருந்தது, ஆகவே மேலே உள்ள தண்ணீர்தான் கெட்டது என்கிறாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருஷம் நானும் இதையேதான் நோட்டில் எழுதி, என் வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குடலில் இருக்கும் தட்டைப்புழு அங்கே வந்து சேர்ந்த வழியைப் பார். முட்டை தண்ணீரில் விழ வேண்டும். அதன் இளம்புழு நத்தைக்குள் புகுந்து பெருக வேண்டும். பிறகு வெளியே வந்து, பெரும்பாலும் ஒரு பூச்சியின் இளம்பருவத்துக்குள் நுழைந்து காத்திருக்க, அதை மீன் தின்ன வேண்டும். நீந்தித் திரியும் அந்த இளம்புழுவுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். உலோகக் கழிவு பட்டால் அதுவும் இல்லை. தண்ணீர் அமிலமானால் நத்தை முதலில் போய்விடும். ஒரு கண்ணி அறுந்தாலும் மீனின் குடல் காலி. உன் 'சுத்தமான' மீனைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருப்பது அதனால்தான்.

எல்லா ஒட்டுண்ணியும் இப்படியில்லை. செவுளிலும் தோலிலும் வட்டத்தட்டு போல ஒட்டிச் சுழலும் ட்ரைகோடினா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கிறது. அதற்கு நத்தையும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம்; ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவும். அதன் முக்கிய உணவு பாக்டீரியா. சாக்கடை கலந்து பாக்டீரியா பெருகினால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்காதே, எந்த ஒட்டுண்ணி என்று கேள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முள்தலைப் புழு. வாயும் கிடையாது, குடலும் கிடையாது. முள் நிறைந்த மூக்கை மீனின் குடல் சுவரில் குத்திக்கொண்டு, உடம்பின் மேல்தோல் வழியாகவே எல்லாவற்றையும் உறிஞ்சும். மீனின் பித்தநீரோடு சேர்ந்து குடலுக்கு வரும் ஈயத்தையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1990களில் பெர்ன்ட் சூரஸும் கூட்டாளிகளும் சப் என்ற ஆற்று மீனில் இதை அளந்தார்கள். மீனின் தசையில் இருந்ததைப்போல் சுமார் 2,700 மடங்கு ஈயம் புழுவில்! தண்ணீரில் கருவிக்கு எட்டாத அளவு இருந்தால்கூட இந்தப் புழுவில் பிடிபட்டுவிடும். இன்னொரு வேடிக்கை, புழு உள்ள மீனின் குடல் சுவரில் ஈயம் குறைவாகவே இருந்தது. அழையா விருந்தாளி வாடகை கொடுத்த மாதிரி.

ஆனாலும் இரண்டு மீனை அறுத்துவிட்டு ஆற்றின் மீது தீர்ப்பு எழுதாதே. பருவம், மீனின் வயது, அது தின்னும் இரை எல்லாமே கணக்கை மாற்றும். ஒரே இனம், ஒரே அளவு, இடத்துக்கு முப்பது மீனாவது வேண்டும் என்பேன்.

அடுத்த முறை குடலை வீசி எறியாமல், புழுக்களை எடுத்து எத்தனாலில் போட்டு வை. பாட்டிலில் இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடு, பேனா மை கரைந்துவிடும். செவுளை மட்டும் மீன் செத்த உடனே சுரண்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நானே வருகிறேன். வெயில் கண்ணில் படக் கூடாது என்ற தடை அடுத்த மாதம் முடிகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்